போச்சேரா பார்த்துப் பெயர் சொல்வது எப்படி?

முதல் யோசனை: வேண்டாம்.

கொலராடோ மலைகளுக்கு ஜூன் மாதம் போகிறவர், பார்த்ததும் பெயர் சொல்லிப் பக்கத்தில் நிற்பவரை அசத்துவதற்கு எத்தனையோ செடிகள் இருக்கின்றன. கொலம்பைன் இருக்கிறது, நீலமும் வெள்ளையுமாக, மாநிலத்தின் பூ, சின்னப் பிள்ளைகூடத் தப்பாகச் சொல்லாது. ஆஸ்பென் மரம் இருக்கிறது. காற்று வந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியுமுன் அதன் இலைக்குத் தெரிந்துவிடும். இதையெல்லாம் விட்டுவிட்டு, பாறைச் சரளையில் ஈர்க்குச்சிபோல நிற்கிற, யாரும் திரும்பிப் பாராத ஒரு செடியின் முன்னால் மண்டியிட்டு, “இது எந்த இனம்?” என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றினால் இந்தக் கையேடு உங்களுக்குத்தான். அனுதாபங்கள்.

அமெரிக்காவில் இதை ராக்கிரெஸ் என்பார்கள். நம் ஊரில் செடியும் இல்லை, பெயரும் இல்லை. வசதிக்காகப் பாறைக்கடுகு என்று வைத்துக்கொள்கிறேன். தாவரவியலில் பேரினத்தின் பெயர் பெக்கர் என்ற டேனிஷ்காரர் நினைவாக வைத்தது. ஆகவே ‘பெக்கெரா’ என்பதுபோலச் சொன்னால்தான் சரிக்குக் கிட்டத்தில் வரும். ஆனால் ரோமன் எழுத்தில் முதல் தடவை பார்த்தபோது நான் ‘போச்சேரா’ என்றுதான் படித்தேன். ஐந்து கோடைக்காலம் இந்தச் செடியோடு பழகிய பிறகு அந்த உச்சரிப்பை மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்த ஐந்து வருடத்தில் நான் தீர்மானமாகப் பெயர் சொன்ன செடிகள் இரண்டு. அவற்றில் ஒன்று தப்பு.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பதிலிருந்து ஆரம்பிப்போம். அது சுலபம் என்பதால் மட்டும் அல்ல, உங்கள் தன்னம்பிக்கை கடைசியாகத் தலைகாட்டும் இடம் அதுதான் என்பதால். நான்கு இதழ்கள் கூட்டல் குறிபோல நிற்கும். உள்ளே ஆறு மகரந்தத் தாள்கள். நான்கு நெட்டை, இரண்டு குட்டை. பூ உதிர்ந்தால் நீளமான ஒல்லிக் காய், அதை இரண்டு அறையாக்கும் காகிதம் போன்ற ஒரு தடுப்பு. நான் முதல் வருடம் எடுத்த படத்தை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை நிமிடத்தில் பதில் வந்தது: “கடுகு மாதிரி இருக்கு. முள்ளங்கியைப் பிடுங்காம விட்டாலும் இப்பிடித்தான் பூத்து நிக்கும்.”

முழுக்கச் சரி. கடுகுக் குடும்பம். முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் ஒரே வம்சம்.

“அது தெரியும்மா. இதுல எந்த இனம்னு கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிச்சு? தாளிக்கவா போறே?”

இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் தரமானது அதுதான். நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கப்போவதில்லை, ஆகவே அடுத்த படி.

பழைய புத்தகம் ஏதாவது கையில் இருந்தால் காரிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். ஹார்வர்டில் கடுகுக் குடும்பத்தையே வாழ்நாள் வேலையாகச் செய்த ரீட் ராலின்ஸ் 1993இல் வட அமெரிக்கக் கடுகினங்கள் பற்றித் தலையணை கனத்தில் ஒரு நூல் கொண்டுவந்தார். அதில் இந்தச் செடிகளெல்லாம் ‘அராபிஸ்’ என்ற பேரினத்துக்குள் இருக்கும். ஆஸ்கெல் லவ், டோரிஸ் லவ் தம்பதி 1970களிலேயே தனி வீடு பார்த்து ‘போச்சேரா’ என்று பெயர்ப்பலகையும் மாட்டியிருந்தார்கள். குடிபோகத்தான் ஆள் இல்லை. உண்மையான அராபிஸ் செடிகளுக்குக் குரோமோசோமின் அடிப்படை எண் எட்டு, இவற்றுக்கு ஏழு. பிறகு டிஎன்ஏ பார்த்ததில் இவை அராபிஸுக்கு நெருங்கிய சொந்தமே இல்லை, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிற அராபிடாப்சிஸுக்குத்தான் கிட்டத்துச் சொந்தம் என்று தெரிந்தது. மிசௌரி தாவரவியல் பூங்காவின் இஹ்சான் அல்ஷெபாஸ் 2003இல் வட அமெரிக்க ‘அராபிஸ்’களில் பெரும்பாலானவற்றை மூட்டை முடிச்சோடு போச்சேராவுக்குக் குடிமாற்றினார். எட்டா ஏழா என்பதைப் பாறைமேல் உட்கார்ந்து எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால், “அட, இன்னும் அராபிஸ்னா சொல்றீங்க?” என்று இன்னொருவரிடம் கேட்க முடியும். அதற்கு லென்ஸ்கூட வேண்டாம்.

இன்னொரு போலியும் உண்டு. டூரிட்டிஸ் என்ற செடி, நெடுநெடுவென்று, காய்களைத் தண்டோடு அணைத்துக்கொண்டு, பார்க்க அச்சு அசல் பாறைக்கடுகு. காயை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டால் டூரிட்டிஸ். தட்டையாகப் படுத்துக்கொண்டு உருள மறுத்தால் போச்சேரா.

மஞ்சள் பூவைப் பார்த்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். நான் சொன்ன அந்தத் தப்பு அங்கேதான் நடந்தது. பாறைக்கடுகின் பூ வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா என்ற வகையில்தான் வரும். அந்த வருடம் பனி உருகிய சரிவில் பளிச்சென்ற மஞ்சளில், கொத்தாக, தேன் மணத்தோடு ஒன்றைப் பார்த்தேன். ஈக்கள் மொய்த்தன. தொட்டால் பிசுபிசுப்பு. வெண்ணெய்க்கிண்ணப் பூ வகை என்று குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறியும் போட்டேன். அது பூவே இல்லை. பக்ஸினியா மொனோய்க்கா என்ற துருப் பூஞ்சை. பாறைக்கடுகுக்குள் புகுந்துகொண்டு, அதைப் பூக்கவிடாமல் தடுத்து, நுனி இலைகளைக் கொத்தாக்கி மஞ்சள் பூசி, மேலே சர்க்கரைப் பாகையும் தடவிவைக்கிறது. பூவென்று நம்பி வருகிற ஈ ஒரு கொத்திலிருந்து இன்னொன்றுக்குப் பூஞ்சையின் வித்தை எடுத்துப்போகும். கல்யாணம் பூஞ்சைக்கு, மண்டபம் மட்டும் கடுகினுடையது. பார்பரா ராய் என்ற ஆய்வாளர் 1993இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கி எழுதினார். ஆக, அந்தச் சரிவில் நான் ஒரு செடியை மட்டும் தப்பாகச் சொல்லவில்லை, எந்த ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது என்பதையே தப்பாகச் சொல்லியிருக்கிறேன். என்னோடு சேர்ந்து ஏமாந்த ஈக்கள் சாட்சி.

சரி, உண்மையான செடி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது காயைப் பாருங்கள். எந்தப் பக்கம் காட்டுகிறது? புத்தகங்களில் இதற்கு ஒரு பரதநாட்டியப் பட்டியலே உண்டு: தண்டோடு ஒட்டி நிமிர்ந்தது, சற்றே விலகி நிமிர்ந்தது, சாய்ந்து உயர்ந்தது, கிடைமட்டமாக நீட்டியது, தாழ்ந்தது, தொங்குவது, அடியோடு மடங்கிக் கீழ்நோக்கித் தண்டை ஒட்டியது. இரண்டு ஓரங்கள் தெளிவு. போச்சேரா ஸ்ட்ரிக்டா என்பது பேருக்கேற்ற ஆள். காய்கள் ராணுவ அணிவகுப்பு மாதிரி நேரே வானம் பார்க்கும். ரெட்ரோஃப்ராக்டா நேர் எதிர். காம்பு அடியிலேயே வெடுக்கென்று மடங்கி, காய்கள் எல்லாம் தண்டை ஒட்டித் தலைகீழாகத் தொங்கும். பெண்டுலோகார்ப்பா என்று ஒன்று உண்டு, அதுவும் தொங்கும், ஆனால் காம்பு வெடுக்கென்று மடங்காது, நாசூக்காக வளையும். வெடுக்கா நாசூக்கா என்று தீர்மானிக்க வேண்டியது நீங்கள். செடியை அழுத்தி உலர்த்தி மாதிரி ஆக்கும்போது காய் உங்கள் செய்தித்தாள் மடித்த திசைக்குப் போய்விடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

அடுத்தது ரோமம். இங்கேதான் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மீதிப் பேருக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அடியிலையை லென்ஸிடம் கொண்டுவர வேண்டும். எல்லோரும் முதலில் இலையைத் தரையில் விட்டுவிட்டு லென்ஸை அதன்மேல் ஆட்டுவார்கள், திருட்டுப்போன வீட்டில் துப்பறிகிறவர்போல. அப்படிச் செய்தால் படம் நன்றாக வரும், ரோமம் தெரியாது.

தெரிந்தபின் எண்ண வேண்டும். ஒற்றை ரோமமா, கவட்டைபோல இரண்டாகப் பிரிந்ததா, மூன்று கையா, நட்சத்திரம்போல ஏழெட்டுக் கையா, அல்லது கை எண்ண முடியாமல் கம்பளிபோலப் பின்னிக் கிடக்கிறதா? அந்தக் கைகள் ஒரு சிறு காம்பின்மேல் நிற்கின்றனவா, இலையிலேயே உட்கார்ந்துவிட்டனவா? ஸ்ட்ரிக்டாவின் ரோமத்துக்கு இரண்டே கை, காம்பு கிடையாது. நடுவில் ஒட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் இலையின் நீளவாட்டத்தில் நீட்டிப் படுத்திருக்கும். ஒரு இலை முழுக்கத் திசைகாட்டி முட்கள் ஒரே பக்கம் காட்டிக்கொண்டு கிடப்பதுபோல. முதல் தடவை பார்த்தபோது என்னை அறியாமல், “ஆகா” என்றேன். அதை ஒளித்துப் பயனில்லை. ரெட்ரோஃப்ராக்டாவுக்குக் குட்டைக் காம்பும் பல கைகளும். அதனால் இலை சாம்பல் பூசினாற்போல இருக்கும். ஒரு ரோமத்தின் அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில். இலையில் ஒரு வகை, இலைக்காம்பின் ஓரத்தில் வேறு வகை, தண்டின் அடியில் இன்னொரு வகை, காயின் காம்பில் ஒன்றுமே இல்லை என்றெல்லாம் இருக்கும். இனம் கண்டுபிடிக்க வழிகாட்டும் திறவுகோல் நூல் நான்கையும் கேட்கும். காய் முற்றும் வேளையில் அடியிலை காய்ந்து சருகாகியிருக்கும். அதையும் கேட்கும்.

ஆகவே ஒரு செடியை இரண்டு முறை பார்க்க வேண்டும்: பூவுக்கு ஒரு தடவை, முற்றிய காய்க்கு ஒரு தடவை. இடையில் சில வாரங்கள். இரண்டாம் தடவை போகும்போது அதே செடியைத்தான் பார்க்கிறீர்கள் என்பதற்கு அடையாளம் வைத்துவிட்டு வர வேண்டும். நான் ஒரு வருடம் மூன்று கற்களை அடுக்கிவைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போனபோது அந்த வழியெங்கும் நடைப்பயணிகள் அழகுக்காகக் கற்களை அடுக்கிவைத்திருந்தார்கள்.

முற்றிய காய் கிடைத்தால் பிளந்து விதையைப் பாருங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒற்றை வரிசையா, இரட்டை வரிசையா? ரெட்ரோஃப்ராக்டாவுக்கு ஒன்று, ஸ்ட்ரிக்டாவுக்கு இரண்டு. “இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, இதில் என்ன கஷ்டம்?” என்று நீங்கள் நிமிர்ந்து உட்காரும் நேரம் பார்த்து அடுத்த செடி வரும். அதன் காய் மேலேயும் பார்க்காது, கீழேயும் தொங்காது, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். ரோமத்துக்கு மூன்று கை, நான்கு கை. விதையோ, தாவரவியலாளர்களே வேறு வழியில்லாமல் ‘ஏறக்குறைய இரட்டை வரிசை’ என்று எழுதிவைக்கும் நிலையில் இருக்கும். ஒன்றரை வரிசை என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

விஷயம் என்னவென்றால், மேலே பார்க்கிறவருக்கும் கீழே பார்க்கிறவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

இரண்டு இனங்கள் கலந்தால் பிள்ளை கோவேறு கழுதைபோல மலடாகி, கதை அத்தோடு முடிய வேண்டும் என்பது பொது வழக்கம். பாறைக்கடுகு இந்த வழக்கத்துக்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டது. கலப்பினச் செடி, கருவுறாத சூலிலிருந்தே விதை வைக்கும். அந்த விதையிலிருந்து வருவது தாயின் அச்சு நகல். எலுமிச்சை விதை ஒன்றை ஊன்றினால் இரண்டு மூன்று முளை கிளம்பி, அவற்றில் சில தாயைப்போலவே வருவதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். வழி வேறு, பலன் அது மாதிரி. பெக்கர் இதைத்தான் கிரீன்லாந்துச் செடிகளில் பார்த்து 1951இல் எழுதினார். ஒரு சுவாரஸ்யம், பெரும்பாலும் மகரந்தம் இன்னமும் தேவைப்படுகிறது. கருவுக்கு இல்லை, விதைக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கிடங்கு உருவாவதற்கு. அதாவது மாப்பிள்ளை மளிகைச் செலவுக்கு மட்டும் வருவார். பிள்ளையின் முகத்தில் அவர் சாயல் துளியும் இருக்காது.

இப்படி நகலெடுக்கும் மற்றச் செடிகளில் பெரும்பாலானவை குரோமோசோம் தொகுதிகளைப் பெருக்கிக்கொண்ட பிறகே அந்தத் தொழிலுக்கு வரும். பாறைக்கடுகு சாதாரண இரண்டு தொகுதியோடேயே செய்துவிடுகிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் அதன் பின்னாலேயே அலைகிறார்கள். மூன்று தொகுதி, 21 குரோமோசோம் உள்ளவையும் ஏராளம். அவற்றில் சிலவற்றுக்குள் மூன்று வெவ்வேறு இனங்களின் தொகுதிகள் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகின்றன. மூன்று வீட்டுச் சாயலும் இருக்கிற பிள்ளையைப் பார்த்து, “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

அல்ஷெபாஸும் மைக்கேல் விண்டமும் இதற்கு ஒரு முடிவெடுத்தார்கள். 2010இல் வந்த வட அமெரிக்கத் தாவரத் தொகுப்பின் ஏழாம் தொகுதியில், கலவியில் பெருகும் அசல் இனங்களுக்கும் தானே நகலெடுக்கும் கலப்பினங்கள் பலவற்றுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, நூறைத் தாண்டிய இனங்களுக்குத் திறவுகோல் போட்டார்கள். நேர்மையான வேலை, நான் தலைவணங்குகிறேன். குனிந்த வாக்கில் திறவுகோலையும் படிக்கிறேன். “சூல்கள் 70 முதல் 110 வரை என்றால் இந்தப் பக்கம், 90 முதல் 140 வரை என்றால் அந்தப் பக்கம்” என்கிற தோரணையில் போகும். எண்கள் நான் இட்டுக்கட்டியவை, தோரணை அசல். உங்கள் காயில் நூறு இருக்கும்.

கடைசி ஆயுதம் மகரந்தம். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கலவி இனங்களின் மகரந்தம் சிறிதாக, நீள்வட்டமாக, மூன்று பள்ளங்கள் ஒழுங்காக ஓடியபடி இருக்கும். நகலெடுப்பவற்றின் மகரந்தம் பெரிது, உருண்டை, பள்ளங்கள் கோணல்மாணல். பல பத்தாண்டுகளுக்கு முன் உலர்த்திவைத்த மாதிரியிலிருந்துகூட எடுத்துப் பார்க்கலாம். இது உங்களுக்குச் சொல்வது இந்தச் செடி அசலா கலப்பா என்பதை மட்டும். யாரோடு யார் கலந்தது என்று தெரிய டிஎன்ஏ பார்க்க வேண்டும். அதற்கு இலையை உலரவைத்து உறையில் போட்டு, சோதனைக்கூடம் வைத்திருக்கிற நண்பருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். நண்பர் இல்லையென்றால் சும்மாவே காத்திருக்கலாம்.

இதற்கிடையில் பேச்சுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்பவர்களுக்கு ‘ஹோல்போலியை’ என்ற பெயர் இருக்கிறது. காய் தொங்கினால் ஹோல்போலியை என்று எழுதிவிட்டுப் போவதே மேற்கு மலைகளில் நெடுநாள் வழக்கம். இப்போதைய பார்வையில் அந்தப் பெயருக்கு உரிய செடி கிரீன்லாந்தில் இருக்கிறது. இங்கே அந்தப் பெயரைத் தாங்கிய செடிகள் வேறு வேறு. பெயருக்குப் பின்னால் இருக்கும் கதைதான் எனக்குப் பிடித்தது. கார்ல் ஹோல்பெல் டேனிஷ் கடற்படைக்காரர், கிரீன்லாந்தில் அதிகாரியாக இருந்தவர். கோபன்ஹேகன் தாவரவியலாளர் ஹோர்னமன் 1827இல் ஒரு செடிக்கு அவர் பெயரை வைத்தார். ஹோல்பெல் 1843இல் ஒரு ஆர்க்டிக் குருவிக்கு ஹோர்னமன் பெயரை வைத்தார். மொய் எழுதியவருக்கு மொய் திரும்பிவிட்டது. ஆனால் ஹோர்னமன் 1841லேயே காலமாகிவிட்டார். ஹோல்பெல் 1856இல் கிரீன்லாந்துக்குக் கப்பலேறியவர், கப்பலோடு காணாமல் போனார்.

இரக்கமுள்ள இனமும் ஒன்று உண்டு, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்கே வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியாவின் வெயில் காயும் களிப்பாறைச் சரிவுகளில் வளரும் செரோட்டினா. அதன் நெருங்கிய சொந்தம் லாவிகாட்டா வசந்தத்திலேயே பூத்து முடித்துவிடும். செரோட்டினா நடுக்கோடையில் சாவகாசமாகப் பூக்கும். லென்ஸ் வேண்டாம், காலண்டர் போதும். ஆனால் அது அருகிவரும் இனம் என்று 1989இல் அமெரிக்க அரசு பட்டியலில் சேர்த்த செடி. கிள்ளக் கூடாது, பிடுங்கக் கூடாது. பார்த்துப் பெயர் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

நாலு பேர் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்பதையும் கேட்பீர்கள். யாராவது செடியைக் காட்டிப் பெயர் கேட்டால் உடனே சொல்லக் கூடாது. தெரியாதவர்தான் உடனே சொல்வார். லென்ஸை எடுங்கள். குனியுங்கள். “ம்” என்று சொல்லுங்கள். “அடியிலை இருந்தால் சொல்லிவிடலாம்” என்று வருத்தமாகச் சொல்லுங்கள். அடியிலை இருந்துவிட்டால், “முற்றிய காய் இல்லையே” என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் இருக்கும் அபூர்வமான நாளில் நிமிர்ந்து நின்று தூரத்து மலையைப் பார்த்தபடி, “மகரந்தம் பார்க்காமல் சொல்வது சரியில்லை” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அனுமதி வாங்கி மாதிரி எடுத்து உலர்த்தி ஹெர்பேரியத்தில் சேர்ப்பவராக இருந்தால் ஒரே ஒரு குறிப்பு. பழைய தாள்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். செடி இடது பக்கம் நிற்கும். வலது கீழ்மூலையில் சேகரித்தவரின் முதல் சீட்டு, தட்டச்சில்: அராபிஸ் ஹோல்போலியை. அதற்கு மேலே வேறு கையெழுத்தில்: அதன் ஒரு வகை. அதற்கும் மேலே: அராபிஸ் டிவாரிகார்ப்பா. பிறகு அச்சிட்ட சீட்டு ஒன்றில் போச்சேரா, பின்னால் ஒரு கேள்விக்குறி. கடைசியாகப் பென்சிலில், சின்ன எழுத்தில், மகரந்தம் உருண்டை என்று மட்டும். உங்கள் சீட்டை ஒட்டும்போது பசையை அளவாகத் தடவுங்கள், தாளின் ஓரத்தோடு சேர்த்து ஒட்டுங்கள். மேலே இன்னும் இரண்டு மூன்று சீட்டுக்கு இடம் வேண்டும்.